பெரட்டில் அம்மாவின் பெயர்

காலை ஏழு மணிக்கு ஈப்போ அண்ணன் கூப்பிட்டார். "சின்னம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா அடுப்படியில் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தானே இருக்காங்க, ஏன்ணே?" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம்தான் சொன்னார். முந்தின இரவு அம்மாவின் வாட்சாப்பிலிருந்து அவருக்குச் செய்தி வந்திருக்கிறது. மருத்துவமனையில் அவசரமாகப் பணம் கட்ட வேண்டும், 600 ரிங்கிட் அனுப்பு, நாளைக்குத் தந்துவிடுகிறேன் என்று. உடனே அனுப்பிவிட்டார். "சின்னம்மா என்கிட்ட இதுவரைக்கும் ஒரு காசு கேட்டதில்ல. கேட்டப்ப எப்படி யோசிக்கிறது?" என்றார்.

அம்மாவின் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். வாட்சாப் திறக்கவில்லை. உங்கள் எண் வேறொரு கைப்பேசியில் பதிவாகியிருக்கிறது என்று காட்டியது. நேற்று மாலையிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது, இணையக் காசு முடிந்துபோச்சு என்று நினைத்தேன் என்றார் அம்மா.

நாங்கள் பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம் ஒரு பிளாட்டில் இருக்கிறோம். நான் பாயான் லெப்பாசில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அம்மாவுக்கு எழுபது வயது நெருங்குகிறது. கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, அங்கேயே பாலுக்காக ரப்பர் மரம் சீவியவர். தமிழ் நன்றாகப் படிப்பார். மலாய் பேசுவார், ஆனால் அதை எழுதும் ரூமி எழுத்தை, அதாவது ஆங்கில எழுத்தை, வாசிக்கச் சிரமப்படுவார். இந்த ஒரு விஷயத்தில்தான் எல்லாமே நடந்திருக்கிறது.

கோயில் குழுவில் இருக்கும் ஓர் அக்காவின் பெயரில், அவர் படத்தோடு, மலாயில் ஒரு செய்தி வந்திருக்கிறது. என் குறியீடு தவறுதலாக உங்கள் எண்ணுக்கு வந்துவிட்டது, அந்த ஆறு இலக்கத்தை மட்டும் அனுப்புங்கள் என்று. அந்த அக்காவின் கணக்கை ஏற்கெனவே யாரோ பிடித்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மா பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். பதினொரு வயதுப் பிள்ளை. படித்துச் சொன்னான், வந்திருந்த எஸ்எம்எஸ்ஸையும் தேடி எடுத்து ஆறு எண்ணையும் தட்டி அனுப்பிக் கொடுத்தான். இதை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று அதே எஸ்எம்எஸ்ஸில் எழுதியிருந்தது. ஆனால் அவனிடம் கேட்டது எண்ணை மட்டும்தானே. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பாட்டி கேட்டதை நல்ல மனதோடு செய்தான்.

அன்று காலை நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் ஈப்போ அண்ணனை வைத்து 997-க்குக் கூப்பிட்டோம். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. பணம் இப்போதுதான் போனது என்றால் முதலில் அழைக்க வேண்டியது இந்த எண்ணையோ, வங்கியின் மோசடிப் புகார் எண்ணையோதான். காவல் நிலையம் அதற்கு அடுத்து. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும், தாவும் வழியில் மடக்கினால்தான் உண்டு. அண்ணன் இரவு ஒன்பதரைக்கு அனுப்பியிருந்தார், நாங்கள் அழைத்தது காலை ஏழரைக்கு. அதற்குள் போய்விட்டது. பிறகு அவர் ஈப்போவில் போலீஸ் ரிப்போர்ட் செய்தார். அரச மலேசியக் காவல் படையின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஏற்கெனவே அதன்மீது புகார்கள் இருந்தன. அனுப்புவதற்கு முன்னால் ஒரு நிமிடம் அதில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அண்ணனுக்கு அப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாது. இப்போது அவர் எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது, வாட்சாப்பை மீட்டது. அம்மாவின் எண்ணை மறுபடி பதிவு செய்தோம், ஆறு இலக்கக் குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வந்தது, போட்டோம். உடனே இன்னொரு ஆறு இலக்கம் கேட்டது. அது இரண்டாம் பூட்டு, இரு படிச் சரிபார்ப்பு என்பார்கள். அம்மா அதைப் போட்டதே இல்லை, பிடித்தவன் போட்டிருக்கிறான். அது தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். எனக்கு வயிறு கலங்கியது, ஏழு நாளும் அவன் உள்ளேயே இருப்பானோ என்று. அப்படியில்லை. எஸ்எம்எஸ் குறியீட்டை நாம் போட்ட அந்த நொடியே அவன் வெளியேற்றப்பட்டுவிடுவான். நம்மாலும் ஏழு நாள் நுழைய முடியாது, அவனாலும் முடியாது. இது தெரியாமல் பலர் பதறிப்போய் கைப்பேசிக் கடையில் பணத்தைக் கொட்டுகிறார்கள். அந்த முதல் குறியீட்டை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோம் என்பதில்தான் காரியமே இருக்கிறது.

மூன்றாவது, ஆட்களைக் கூப்பிட்டது. எழுதி அனுப்பவில்லை, ஒவ்வொருவரையும் அம்மாவே போனில் கூப்பிட்டுத் தன் குரலில் சொன்னார். குடும்பக் குழுவிலும் கோயில் குழுவிலும் இருந்த எண்களைப் பிடித்துப் பதினான்கு பேருக்கு அவன் செய்தி அனுப்பியிருந்தான். ஏமாந்தது ஒருவர்தான். பாகான் செராய் பெரியம்மா சொன்ன காரணம் எனக்கு மறக்கவே மறக்காது: "உங்கம்மா என்னைக்குடி எழுதியிருக்கா? அவ பேசித்தானே அனுப்புவா. படிச்சவுடனேயே இது அவ இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

உண்மைதான். அம்மா எப்போதும் குரல் பதிவுதான் அனுப்புவார். "ஆ... நாந்தான் பேசறேன்" என்று தொடங்குவார், பசியாறியாச்சா என்று கேட்பார், கடைசியில் "சரி, வச்சிடறேன்" என்பார், போனில் பேசுவதைப் போலவே. இணையத்தில் அம்மாவின் அடையாளம் என்று ஒன்று இருந்தால் அது இந்தக் குரலும் இந்தப் பழக்கமும்தான். கடவுச்சொல் செய்யாத காவலை அது செய்திருக்கிறது.

மதியம் அம்மா என்னிடம் கேட்டார், "என்கிட்ட போன் இருக்கு. சிம் கார்டும் என்கிட்ட இருக்கு. அப்புறம் எப்படி அவன் நானா ஆனான்?" நான் எண், பதிவு, குறியீடு என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "பெரட்டுல கிராணி என் பேரைக் கூப்பிடறாரு. நான் வாயத் தெறக்கறதுக்கு முன்னாடி இன்னொருத்தி 'ஆ'ன்னு சொல்லிட்டா. அந்த ஆறு நம்பர்தான் அந்த 'ஆ'. அத நான் அவனுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். சரியா?"

தோட்டத்தில் விடியுமுன் ஆட்கள் கூடும் இடம் பெரட்டு, பெயர் கூப்பிடும் எழுத்தர் கிராணி. அங்கே பெயர் பதிந்தால்தான் அன்றைய சம்பளம். நான் இத்தனை வருடம் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறேன், இதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது. அதற்குப் பிறகு நாங்கள் எதைப் பேசினாலும் அந்தக் கணக்கில்தான் பேசினோம். இது பெரட்டுக் குறியீடா? அப்படியானால் யாருக்கும் சொல்லக்கூடாது, எனக்கும்கூட.

அன்று இரவு ஒரு காரியம் செய்தேன். அம்மாவின் பெயரில் என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்று தாளில் எழுதினேன். எழுத எழுதக் கை நடுங்கியது. சிம் கார்டு சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தம்பியின் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், பதிவாகியிருந்தது, அவன்தான் வாங்கிக் கொடுத்தான். கூகுள் கணக்கை நான் அவசரத்தில் திறந்தது. மீட்புக்கு என்று நான் கொடுத்தது நான் விட்டுவிட்ட பழைய பிரீபெய்டு எண். வங்கிச் செயலி தம்பி மனைவியின் கைப்பேசியில். கடவுச்சொற்கள் என் தலையில், ஒன்றிரண்டு எனக்கே மறந்துபோய். அம்மாவிடம் இருந்தது கைப்பேசி என்ற பொருள் மட்டும்தான்.

நம் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நாம் அன்பினால்தான் செய்கிறோம். "குடுங்கம்மா, நான் பண்ணித் தரேன்" என்று பிடுங்கி, இரண்டு நிமிடத்தில் முடித்துத் திருப்பிக் கொடுக்கிறோம். அந்த இரண்டு நிமிடத்தில் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது போய்விடுகிறது, அவர்களுடைய சாவியும் நம் பைக்கு வந்துவிடுகிறது. நான் என் அம்மாவை ஏமாற்றுக்காரனிடமிருந்து காக்கவில்லை என்பது மட்டுமில்லை. அவரை அவருடைய பெயருக்கே வெளியாளாக்கி வைத்திருந்தேன். இதை நான் மனதார வருத்தத்தோடு எழுதுகிறேன்.

முதல் வேலை, கைப்பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றியது. அமைப்பில் மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் போதும், வாட்சாப்பும் தமிழில் வந்துவிடும். நாளிதழ்களில் புலனம் என்று எழுதுகிறார்கள், அம்மாவுக்கு அது வாட்சாப்தான். ஆனால் திரையில் "நீக்கு", "அனுமதி" என்று தமிழில் பார்த்தபோது அம்மா முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. "இத்தனை நாளா இது தமிழ் பேசும்னு நீ சொல்லவே இல்லையே" என்றார். ஐந்து வருடமாக அந்தப் போன் அவர் கையில் இருந்தது.

இரண்டாவது, ஒரு விதி. நான் தொடமாட்டேன். எவ்வளவு நேரமானாலும் அவர் விரல்தான் தட்ட வேண்டும், நான் வாயால் சொல்வேன். எனக்குப் பொறுமை போதவில்லை, இரண்டு முறை கத்தியும் விட்டேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம், காலை பசியாறிய பிறகு. இரண்டாம் பூட்டைப் போட மூன்று நாள் ஆனது. எந்தெந்தக் கணினியில் நம் வாட்சாப் இணைந்திருக்கிறது என்று பார்த்து, தெரியாததை வெளியேற்ற ஒரு நாள். தெரியாதவர்கள் அம்மாவைக் குழுவில் சேர்க்க முடியாதபடி செய்ய ஒரு நாள். இன்று யாராவது என்னிடம் எங்கே தொடங்குவது என்று கேட்டால், வாட்சாப்பின் இரண்டாம் பூட்டில் தொடங்குங்கள் என்பேன். அது இருந்திருந்தால் அந்த ஆறு எண்ணைக் கொடுத்த பிறகும் அவனால் நுழைந்திருக்க முடியாது.

கடவுச்சொல் விஷயத்தில் நான் பலரோடு மாறுபடுகிறேன். எங்கேயும் எழுதி வைக்காதே என்று சொல்வார்கள். எழுபது வயதுக்காரரிடம் அதைச் சொன்னால் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத்தான் வைப்பார், அதுவும் பிறந்த தேதியாக. நான் ஒரு சிறிய நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அம்மா அதைப் புடவை அலமாரியில், அப்பாவின் இறப்புச் சான்றிதழோடு வைத்திருக்கிறார். அம்மாவை ஏமாற்றப் பார்ப்பவன் வீட்டுக்குள் வந்து அலமாரியைத் திறக்கப் போவதில்லை, எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பவன். நீளமான சொல்லாக இருக்கட்டும் என்று தோட்டத்துப் பழைய வாய்ப்பேச்சிலிருந்து நான்கைந்து சொற்களை ஒட்டினோம். மின்னஞ்சலுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. மின்னஞ்சல் சாவிதான் தலைச்சாவி, மற்றதெல்லாம் அதன் வழியாகத்தான் மீளும்.

அந்தப் பழைய பிரீபெய்டு எண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காசு போடாமல் விட்ட எண் காலாவதியாகி, பிறகு வேறொருவருக்கு விற்கப்படும். அம்மாவின் கூகுள் கணக்கை மீட்கும் குறியீடு முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போயிருக்கும். எண்ணை மாற்றினால் பழைய எண்ணைக் கொடுத்த இடங்களையெல்லாம் தேடி மாற்றுங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

வங்கிச் செயலியை அம்மாவின் கைப்பேசிக்கே கொண்டுவந்தோம். 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த பாதுகாப்பு நடவடிக்கைகளின்படி, பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தர ஒருவருக்கு ஒரு கைப்பேசிதான். புதிதாகப் பதிந்தால் சிறிது நேரம் காத்திருக்கவும் வேண்டும். தம்பி மனைவி நல்ல பெண், அவர் மேல் குறை இல்லை. ஆனால் அம்மாவின் பணத்துக்கு இன்னொருவர் "ஆ" சொல்வதாகத்தானே அது இருந்தது? சந்தேகம் வந்தால் கணக்கை நாமே அந்த நொடியில் முடக்கும் வசதியும் வங்கிகளில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். நாங்கள் ஒத்திகை பார்த்தோம்.

ஒரு நாள் மதியம் ஓர் அழைப்பு. அம்மாவின் முழுப் பெயர், ஐசி எண் எல்லாம் சரியாகச் சொல்லி, நீதிமன்றத்திலிருந்து பேசுகிறோம் என்றார்கள். அம்மா பயந்துவிட்டார். "என் ஐசி நம்பர் தெரியுதே, அப்ப உண்மையாத்தானே இருக்கும்?" என்றார். இது பெரியவர்கள் எல்லோருக்கும் வரும் சந்தேகம். 2017-இல் மலேசியத் தொலைத்தொடர்பு வாடிக்கையாளர்களின் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசி எண் விவரங்கள் வெளியே கசிந்தது தெரியவந்தது. நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 3 கோடியே 20 லட்சம்தான். பெயர், முகவரி, ஐசி எண் எல்லாம் அதில் இருந்தன. ஆகவே ஐசி எண் தெரிந்திருப்பது எதற்கும் ஆதாரம் இல்லை. தவிர, அந்த எண்ணே நிறையப் பேசும். பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், 02 என்றால் கெடா, 07 என்றால் பினாங்கு, கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அம்மாவின் ஐசியில் கெடாவைக் காட்டியபோது ஆச்சரியப்பட்டார்.

அதற்கு முன்பு, உதவிப் பொருள் கொடுக்கிறார்கள் என்று யார் கேட்டாலும் ஐசியின் இரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது அப்படி அனுப்புவதில்லை. கேட்டே ஆக வேண்டும் என்றால் நகல் எடுத்து, குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதி, அதைப் படமெடுத்து அனுப்புகிறோம்.

கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்புகள் இங்கே பலரைக் கவிழ்த்திருக்கின்றன. தட்டினால் ஒரு செயலி உள்ளே இறங்கி, எஸ்எம்எஸ்ஸை எல்லாம் படிக்க ஆரம்பித்துவிடும். அம்மாவுக்கு அந்த மூன்று ஆங்கில எழுத்தை நோட்டில் பெரிதாக வரைந்து காட்டினேன், படம் போல அடையாளம் வைத்துக்கொண்டார். ஆனால் அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட விதி அதைவிட நல்லது: "நமக்கு வேண்டியவங்க தட்டு எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்து பத்திரிகை வைப்பாங்க. முடியலைன்னா போன்லயாவது கூப்பிடுவாங்க. சும்மா வந்து விழறது நம்ம கல்யாணம் இல்ல."

குரலையும் இப்போது போலி செய்ய முடிகிறது என்று அம்மாவிடம் சொல்ல மனமே வரவில்லை. அவருடைய குரல்தானே அன்று அவரைக் காப்பாற்றியது. ஆனாலும் சொன்னேன். பணம் என்று யார் கேட்டாலும், எந்தக் குரலில் கேட்டாலும், ஒரு கேள்வி கேட்பது என்று குடும்பத்தில் பேசி வைத்திருக்கிறோம். கேள்வியையும் பதிலையும் அம்மாதான் முடிவு செய்தார். அந்தத் தோட்டத்து லயத்து வீடுகளில் எங்களோடு இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று. எந்தக் குழுவிலும் எழுதவில்லை, இங்கேயும் எழுத மாட்டேன்.

அம்மா இப்போது செல்லினம் என்ற கைப்பேசி விசைப்பலகையில் தமிழ் தட்டப் பழகியிருக்கிறார். 1980களிலேயே கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்த நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்ததுதான் செல்லினமும் என்று சொன்னபோது, "நம்ம ஊரு ஆளா?" என்று இரண்டு முறை கேட்டார். முதல் வரியாக ஈப்போ அண்ணனுக்கு எழுதினார்: "தம்பி 600 வெள்ளி போட்டுட்டேன் பாத்துக்க." அண்ணன் வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அம்மா கேட்கவில்லை. என் பேரால போனது, நான்தான் கொடுக்கணும் என்று சேமிப்பிலிருந்து தானே அனுப்பினார். அனுப்புவதற்கு முன்னால் அண்ணனின் கணக்கு எண்ணை 'செமாக் மியூல்'-இல் போட்டுப் பார்த்தார். போனில் கூப்பிட்டு ஒவ்வோர் எண்ணாகப் படித்துக் காட்டச் சொல்லியும் சரிபார்த்தார். நான் சொல்லவில்லை, அவராகவே செய்தது.

சிம் கார்டு மட்டும் பாக்கியாக இருந்தது. பெயர் மாற்றத் தம்பியும் நேரில் வேண்டும் என்பதால் தீபாவளி வரை காத்திருந்தோம். விடுமுறைக்கு வந்தவனைக் கூட்டிக்கொண்டு கொம்தாரில் ஒரு கடைக்குப் போனோம். தம்பியின் விரல் உடனே பதிந்தது. அம்மாவின் வலது கட்டைவிரலை இயந்திரத்தில் வைத்தால் படிக்கவில்லை. துடைத்து வைத்தார், படிக்கவில்லை. முப்பது வருடம் உளி பிடித்துத் தேய்ந்த விரல், ரேகை மழுங்கிப் போயிருக்கிறது. முகப்பில் இருந்த பெண் பொறுமையாக ஈரத் துணி கொடுத்தார், லேசாக அழுத்துங்கள் மாக்சி என்றார், மலாயில் அத்தை என்று அழைப்பது போல. பின்னால் வரிசை நின்றது. அம்மா யாரையும் பார்க்கவில்லை. இடது கட்டைவிரலை வாயால் ஊதி, சேலைத் தலைப்பில் துடைத்து, மெதுவாக வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் பையிலிருந்து நோட்டை எடுத்தார். சிம் கார்டு என்று எழுதியிருந்த வரியில் தம்பியின் பெயரை அடித்துவிட்டு, தன் பெயரைத் தமிழில் எழுதினார். "இன்னைக்கு என்ன தேதி, பாப்பா?" என்று கேட்டு, அதையும் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.